ஆறாம் வகுப்புக்கு ஒரு டீச்சர் வேண்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளை ஆறாவது, ஏழாவது படிக்க வைத்துக்கொண்டிருக்கும் பெற்றோரும், இப்போது பணியில் இருக்கும் ஆசிரியர்களும் பொறுமையாகப் படித்துவிட்டு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். திட்டினாலும் பரவாயில்லை.

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம். சாயங்காலம் வாசலில் கோலப்பொடி டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருக்கோடியில் இருக்கிற ஒரு அம்மா, மகனைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலைக்குப் போகிறவர். வீட்டுக்காரருக்கு நெய்வேலியில் காண்ட்ராக்ட் வேலை.

"டீச்சர், இவன் நோட்டெல்லாம் கொஞ்சம் பாருங்களேன். நல்லாத்தான் எழுதுறான். எல்லாத்துலயும் டிக் போட்டுத்தான் இருக்கு. ஆனா பரீட்சையில மட்டும் ஒண்ணுமே வர மாட்டேங்குது."

ஐந்து பாடத்துக்கு ஐந்து நோட்டு. பிரித்துப் பார்த்தேன். அப்படி ஒரு கையெழுத்து! அடிக்கோடு, ஓரக்கோடு, தலைப்புக்கு நீல மை, விடைக்குக் கறுப்பு மை. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு டிக், கீழே கையெழுத்து, தேதி. ஒரு நாள்கூட விடுபடவில்லை.

அறிவியல் நோட்டில் அவனே எழுதியிருந்த ஒரு வரியைக் காட்டி, "இதைப் படிப்பா கண்ணு" என்றேன். முதல் வார்த்தை 'தாவரம்'. "த... தா..." என்றான். அடுத்தது 'வ' என்று சொன்னான். பிறகு 'ர' வந்தது. அதைத் துணைக்கால் என்று நினைத்து "வா" என்றான். அதற்குப் பிறகு எங்கே போவது என்று தெரியவில்லை. என் முகத்தைப் பார்த்தான்.

தன் கையால் எழுதிய வரி அது. அவன் அதை எழுதவில்லை, வரைந்திருக்கிறான். கரும்பலகையில் இருப்பதைப் பார்த்துப் பார்த்து, பூக்கோலம் போடுகிற மாதிரி வரைந்திருக்கிறான்.

கணக்கு நோட்டை எடுத்தேன். கோடியும் மில்லியனும் போட்டு, இந்திய முறை, பன்னாட்டு முறை இரண்டிலும் காற்புள்ளி வைத்து எழுதியிருந்தான். ஒரு துண்டுத்தாளில் 500லிருந்து 168ஐக் கழிக்கச் சொன்னேன். 468 என்று எழுதினான். எப்படி வந்தது என்று ஆசிரியர்களுக்குப் புரியும். 0க்கும் 8க்கும் வித்தியாசம் 8, 0க்கும் 6க்கும் 6, 5க்கும் 1க்கும் 4. கடன் வாங்கிக் கழிப்பது என்ற ஒன்றே அவனுக்கு இன்னும் வந்து சேரவில்லை. 468 கழிந்த பிறகு மிச்சம் இருக்க முடியாதே, கண்ணால் பார்த்தாலே தெரியுமே என்று அவனுக்குத் தோன்றவும் இல்லை. தோன்றவைக்க யாரும் பக்கத்தில் உட்காரவில்லை.

"உன் கிளாஸ் டீச்சர் யாருப்பா?"

"கணக்கு சார்."

"உனக்குப் படிக்க வராதுன்னு அவருக்குத் தெரியுமா?"

கொஞ்சம் யோசித்தான். "அவரு கணக்கு சார், டீச்சர்" என்றான்.

அந்தப் பதில்தான் இத்தனை நாளாக மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. அவன் யாரையும் குறை சொல்லவில்லை. படிப்பது என்பது தமிழ் அம்மாவின் பீரியடு. கணக்கு சாருக்கு அது எப்படித் தெரியும்? அவன் கேட்பது நியாயம்தானே!

பள்ளியின் பெயர் வேண்டாம். எந்தப் பள்ளியின் பெயரைப் போட்டாலும் இந்தக் கதை பொருந்தும்.

அந்த அம்மா போகும்போது இன்னொன்றையும் சொன்னார். "அஞ்சாவது வரைக்கும் காலையில பள்ளிக்கூடத்துலயே சாப்பிட்டுடுவான் டீச்சர். இப்ப அது இல்ல. நான் ஏழு மணிக்கே கொட்டை உடைக்கக் கிளம்பிடுறேன். டீயும் பன்னும்தான்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, மறு வருடம் ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்தது. நல்ல திட்டம். நான் ஓய்வு பெற்ற பிறகு வந்ததே என்று வருத்தம்கூட உண்டு. பதினோரு மணிக்கு மயங்கி விழுந்த பிள்ளைகளைத் தூக்கி உட்கார வைத்தவள் நான். ஆனால் அது 1 முதல் 5 வரைக்கும்தான். மதியச் சாப்பாடு பத்தாவது வரை உண்டு, காலைச் சாப்பாடு ஐந்தோடு நின்றுவிடுகிறது. நடுநிலைப் பள்ளிகளில் போய்ப் பாருங்கள். ஒரே சமையலறை, ஒரே வராந்தா. தம்பி உட்கார்ந்து பொங்கல் சாப்பிடுவான். ஆறாவது படிக்கிற அக்கா தூண் ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். போன மே மாதத்துக்கும் இந்த ஜூன் மாதத்துக்கும் நடுவில் அவளுக்குப் பசி நின்றுவிட்டதா?

சாப்பாடு மட்டுமில்லை. 'எண்ணும் எழுத்தும்' 2022 ஜூனில் முதல் மூன்று வகுப்புக்கு வந்து, அடுத்த வருடம் நான்கு, ஐந்துக்கும் வந்தது. அட்டை, பாட்டு, பயிற்சி நூல், மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிள்ளைகளைப் பிரித்துச் சொல்லித் தருகிறார்கள். அதுவும் ஐந்தோடு சரி. காலையிலிருந்து சாயங்காலம் வரை கூடவே இருக்கும் ஒரு டீச்சர், அதுவும் ஐந்தோடு சரி. பல ஊர்களில் பள்ளிக்கூடமே மாறிவிடுகிறது. நடந்து போன பிள்ளை பஸ் ஏறுகிறது. பத்து, பதினோரு வயதில், ஒரே கோடை விடுமுறையில், இத்தனையும் ஒன்றாகக் கைவிட்டுப் போகிறது. பிறகு எட்டாவதில் உட்கார்ந்துகொண்டு "இந்தப் பிள்ளைகளுக்கு எழுத்தே தெரியலையே" என்று தலையில் அடித்துக்கொள்கிறோம்.

என்னைப் பற்றித் தெரியாதவர்களுக்காக: நான் இடைநிலை ஆசிரியை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்துவிட்டு வந்தவள். பட்டதாரி இல்லை. 2019 மே மாதம் ஓய்வு. கணவரும் ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, எல்லோரையும் போல வடக்குத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்தோம். என் சர்வீஸின் முதல் பாதி முழுக்க ஒன்றிய நடுநிலைப் பள்ளிகளில் ஆறாம் வகுப்புதான். அந்தக் காலத்தில் ஆறு, ஏழு, எட்டுக்கு எங்களை மாதிரி இடைநிலை ஆசிரியர்களே பாடம் எடுத்தோம். தமிழ், கணக்கு, வரலாறு எல்லாம் நானே. ஆங்கிலம் எனக்குச் சுமார்தான், ஒத்துக்கொள்கிறேன். அறிவியலில் சில இடங்களில் முதல் நாள் ராத்திரி நானே படித்துவிட்டுத்தான் போவேன்.

பிறகு 6 முதல் 8 வரை பட்டதாரி ஆசிரியர்கள்தான் என்று ஆனது. 2009ல் வந்த கட்டாயக் கல்விச் சட்டமும் அதன் அட்டவணையில் அப்படித்தான் கணக்குப் போடுகிறது: 6 முதல் 8 வரை அறிவியல் கணக்குக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர், 35 பிள்ளைக்கு ஒருவர் வீதம். பாடத்துக்கு ஆள் இருக்கிறது. பிள்ளைக்கு யார் என்று அந்த அட்டவணையில் இல்லை.

பட்டதாரி ஆசிரியர்கள் வந்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. எட்டாவதுக்கு அறிவியல் தெரிந்தவர்தான் அறிவியல் எடுக்க வேண்டும். என் தங்கை மகளே அறிவியல் பட்டதாரி ஆசிரியை. தீபாவளிக்கு வந்திருந்தபோது இந்தப் பையனைப் பற்றிச் சொன்னேன். "பெரியம்மா, எனக்கு வாரத்துக்கு 28 பீரியட். ஆறுல ரெண்டு செக்‌ஷன், ஏழு, எட்டு. ஒரு நாளைக்கு நூத்தம்பது முகம் பாக்குறேன். நோட்டுத் திருத்துறதே பெரிய பாடு. சரி, படிக்கத் தெரியலன்னு கண்டுபிடிச்சேன்னே வைங்க. 'ர'வுக்கும் துணைக்காலுக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளைக்கு எங்கேருந்து ஆரம்பிக்கணும்னு எனக்கு பி.எட்.ல யாருமே சொல்லித் தரலையே" என்றாள்.

அதுதான் விஷயம். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பட்டயப் பயிற்சியில் இரண்டு வருடம் வேறென்ன செய்தோம்? ட, ப, ம மூன்று எழுத்தை வைத்துப் படம், பட்டம், மட்டம், மடம் என்று எத்தனை வார்த்தை வரும் என்று சார்ட் எழுதினோம். ஒற்றைக்கொம்பு முன்னால் வரும், துணைக்கால் பின்னால் வரும், நடுவில் நிற்கும் எழுத்தை ஒன்றாகச் சேர்த்துக் 'கொ' என்று படிக்கப் பிள்ளை ஏன் திணறுகிறது என்று பேசினோம். கண் இடமிருந்து வலம் போகும்போது முதலில் பார்ப்பது கொம்பை, ஆனால் வாய் முதலில் சொல்ல வேண்டியது 'க்'. பெரியவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. ஆறு வயதில் புரியாமல் தாண்டிப்போன பிள்ளைக்குப் பதினோரு வயதிலும் அதே இடத்தில்தான் கால் இடறும். அதை எடுத்துவிட விஞ்ஞானப் பட்டம் தேவையில்லை. நேரம் வேண்டும், அந்தப் பிள்ளையை நாள் முழுக்கப் பார்க்கிற ஒருவர் வேண்டும்.

உடனே ஒரு கூட்டம் வரும், தெரியும். "எட்டாவது வரைக்கும் ஆல் பாஸ் போட்டதுதான் காரணம். ஃபெயில் போட்டாத் தானா படிப்பான்." இதை ரிட்டயர்டு வாத்தியார்களே அதிகம் சொல்கிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

2019ல் மத்தியச் சட்டத்தில் திருத்தம் வந்தது. அந்த செப்டம்பரில் நம் மாநிலத்திலும் 5க்கும் 8க்கும் பொதுத்தேர்வு என்று அரசாணை போட்டார்கள். நான் அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தேன். கூட வேலை பார்த்தவர்கள் தினம் போன் செய்வார்கள். பத்து வயதுப் பிள்ளைக்குப் பொதுத்தேர்வு என்றதும், "பயமா இருக்கும்மா, பள்ளிக்கூடம் போகலை" என்று சொன்ன பிள்ளைகளைப் பற்றித்தான் பேச்சு. 2020 பிப்ரவரியில் வாபஸ் வாங்கினார்கள். 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளுக்கு மறுபடி 5, 8ல் நிறுத்திவைக்கலாம் என்று விதி மாற்றியது. தமிழ்நாடு அதை ஏற்கவில்லை. 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கையிலும் எட்டு வரை நிறுத்தக்கூடாது என்றே இருக்கிறது. சந்தோஷம்.

என் கேள்வி சின்னது. அந்தப் பையனை ஆறாவதில் இன்னொரு வருடம் உட்கார வைத்தால் என்ன நடக்கும்? அதே ஐந்து பேர், அதே ஐந்து நோட்டு, அதே கோடியும் மில்லியனும். இன்னும் அழகாக வரைவான்.

அதே சமயம், பாஸ் போடுகிறவர்கள் சுத்தமானவர்கள் என்றும் சொல்ல மாட்டேன். முப்பருவ முறை வந்த பிறகு வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண் போட்டோம். செயல்திட்டம் செய்தான், சார்ட் ஒட்டினான் என்று அந்த 40ல் தாராளமாகப் போட்டுவிடுவோம். நானும் போட்டிருக்கிறேன். ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகிற பிள்ளைக்கு, வாசிப்பு சரியில்லை என்று தெரிந்தும், 'மேல போய்ப் பிக்கப் ஆயிடுவான்' என்று பி1 போட்டு அனுப்பியிருக்கிறேன். மேலே யார் இருக்கிறார்கள் என்று கேட்கவில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க ஒன்றுமில்லை. தானே புயல் ஞாபகம் இருக்கிறதா? 2011 டிசம்பர் 30. நம் பக்கத்தில் முந்திரி, பலா ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. பள்ளி திறந்தபோது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். என் பிள்ளைகளில் யார் வீட்டில் ஓடு போனது, யார் சொந்தக்காரர் வீட்டில் படுக்கிறார்கள், யாருடைய புத்தகம் நனைந்தது என்று ஒரே நாளில் எனக்குத் தெரியும். தெரிந்துகொள்ள நான் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரை அவர்களோடே இருந்தேன், அவ்வளவுதான். மூன்று நாள் வராத ஒருத்தி வீட்டுக்கு நானே போய்க் கூட்டி வந்தேன்.

அதே கட்டடத்தில், இரண்டு அறை தள்சி ஆறாம் வகுப்பு. அதில் ஒரு பையன் பொங்கலுக்குப் பிறகு வரவே இல்லை. பதிவேட்டில் 'வரவில்லை' என்று ஒழுங்காகத்தான் இருந்தது. ஒவ்வொரு பாட ஆசிரியரும் தன் பீரியடுக்கு வரவில்லை என்று நினைத்தார். பிப்ரவரி கடைசியில்தான் பேச்சு வந்தது: விழுந்த முந்திரி மரங்களை வெட்டி விறகு போடுகிற வேலைக்கு அப்பாவோடு போய்விட்டான். திரும்ப வரவில்லை. முந்தின வருடம் என் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்தவன். இரண்டு அறை தள்ளி இருந்த நானும் கேட்கவில்லை. 'இப்போ நம்ம பிள்ளை இல்லையே' என்று இருந்துவிட்டேன். இப்போது இருபத்தைந்து வயது இருக்கும் அவனுக்கு.

பெண் பிள்ளைகள் விஷயம் தனி. ஆறாவது, ஏழாவதில்தான் பெரிய மனுஷி ஆகிறார்கள். வகுப்பில் இருக்கும்போதே ஆகிவிட்டால் யாரிடம் சொல்வாள்? அப்போது நடக்கிற பீரியட் ஒரு ஆண் ஆசிரியருடையது என்றால் பெஞ்சை விட்டு எழுந்திருக்காமலே மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருப்பாள். என் ஆறாம் வகுப்புக் காலத்தில் என் பீரோவில் எப்போதும் ஒரு பாவாடை, ஒரு பொட்டலம் இருக்கும். சடங்கு முடிந்து பதினைந்து இருபது நாள் கழித்து வருவாள். விட்டுப்போன பாடத்தை எங்கே விட்டாள் என்று எனக்குத் தெரியும். ஐந்து பேரில் யாருக்குத் தெரியும்?

இந்த 2025-26 கல்வியாண்டில் 6 முதல் 9 வரை 'திறன்' என்று ஒரு திட்டம் நடக்கிறது. அடிப்படைத் தேர்வு வைத்து, பின்தங்கிய பிள்ளைகளைக் கண்டுபிடித்து, தமிழ், ஆங்கிலம், கணக்குக்குத் தனிப் பயிற்சி நூல் கொடுத்துச் சொல்லித் தருகிறார்கள். நோயை ஒத்துக்கொண்டதற்கே பாராட்ட வேண்டும். ஆனால் சொல்லித் தருவது யார்? அதே 28 பீரியட் ஆசிரியர். போதாததற்குச் செயலியில் ஏற்றுகிற வேலை வேறு. எங்கள் தெருப் பையனும் அந்தப் பட்டியலில் இருக்கிறானாம். "நான் திறன் பையன் டீச்சர்" என்று சொன்னபோது சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை. வகுப்பில் மற்ற பிள்ளைகள் அந்த வார்த்தையை எப்படிச் சொல்கிறார்கள் என்று அவன் முகத்திலேயே தெரிந்தது. நல்ல வார்த்தை, பாவம்.

சரி, என்னதான் வேண்டும் என்கிறாய் என்று கேட்பீர்கள்.

ஆறாம் வகுப்புக்கு ஒரு டீச்சர் வேண்டும். காலை முதல் மூன்று பீரியட் தினமும் ஒரே ஆள். தமிழும் கணக்கும், கூடவே வாசிப்பும். வருகைப் பதிவும் அவரே. மதியத்துக்கு மேல் ஆங்கிலம், அறிவியல், சமூக அறிவியலுக்குப் பட்டதாரி ஆசிரியர்கள் வரட்டும். ஏழாவதில் முழுக்க அவர்களிடமே போகட்டும். ஒரு வருடம்தான் கேட்கிறேன். பள்ளிக் கல்வி என்றாலே எல்லோரும் உதாரணம் காட்டுகிற பின்லாந்தில்கூட ஆறாம் வகுப்பு வரை பெரும்பாலான பாடங்களுக்கு ஒரே வகுப்பாசிரியர்தான். ஏழிலிருந்துதான் பாட ஆசிரியர்கள். அவர்கள் மற்றதில் செய்வதெல்லாம் நமக்கு ஒத்துவராது, குளிரும் பனியும் வேறு. இது ஒத்துவரும்.

ஆள் எங்கே என்று கேட்டால், ஒவ்வொரு வருடமும் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைந்து, உபரி என்று இடைநிலை ஆசிரியர்களைப் பணிநிரவலில் அங்கும் இங்கும் அனுப்புகிறோமே, அவர்கள் இருக்கிறார்களே. எழுத்து சொல்லிக் கொடுக்கத் தெரிந்தவர்கள். உபரி என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும், அது வேறு கதை.

உயர்நிலைப் பள்ளிகளில் இது கஷ்டம். நிர்வாகம் வேறு, பணி விதி வேறு. நடுநிலைப் பள்ளிகளில் நாளைக்கே செய்யலாம், தலைமை ஆசிரியர் கால அட்டவணையை மாற்றிப் போட்டால் போதும்.

காலைச் சாப்பாட்டை எட்டு வரை கொடுங்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை.

"நீங்க உங்க கேடருக்குப் பேசுறீங்க டீச்சர்" என்று ஒரு தம்பி கமெண்டில் கண்டிப்பாகப் போடுவார். ஆமாம் தம்பி, பேசுகிறேன். எனக்கு இதில் இனி பிரமோஷன் வரப்போவதில்லை. பென்ஷன் வருகிறது, கால் வலிக்கிறது.

அந்தப் பையன் தினமும் ஆறு மணிக்கு வருகிறான். இப்போது தங்கையையும் கூட்டி வருகிறான், அவள் மூன்றாவது. அவளுக்கு நன்றாகவே படிக்க வருகிறது. அவன் திணறும்போது பக்கத்திலிருந்து எடுத்துக்கொடுக்கிறாள், நான் முறைக்கிறேன். நேற்று 500லிருந்து 168 மறுபடி கொடுத்தேன். ஐந்து நூறு ரூபாய்த் தாளை வரைந்து, ஒன்றை உடைத்துப் பத்துப் பத்தாக எழுதி, அதில் ஒன்றை உடைத்து, ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான். 332 வந்தது. "டிக் போடுங்க டீச்சர்" என்று நோட்டை நீட்டினான். முதலில் அந்த எண்ணை எழுத்தால் எழுதி வாய்விட்டுப் படி, பிறகு போடுகிறேன் என்றேன். 'முந்நூற்று' வரை வந்திருக்கிறான்.